ஏழு ஓட்டு வாங்கின பிளாஸ்டிக் பைப்

என்னங்க,

பேஸ்மென்ட்டைத் துடைச்சு முடிச்சதும் இதைப் படிங்க. விறகு அடுப்புல சூடாகற தண்ணி ரேடியேட்டருக்குப் போற பைப்பு, அடுப்பை ஒட்டி காப்பராத்தான் இருக்கணும், ஃபிட்டிங் பித்தளைல வேணும்னு சொன்னேன். பதினோரு வருஷமா மருந்து கம்பெனில எனக்கு பைப் செலக்ட் பண்றதுதான் வேலை. நீங்க என்னை விட்டுட்டு உங்க ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸாப் குரூப்ல ஓட்டு எடுத்தீங்க. ஏழு பேர் பிளாஸ்டிக்னாங்க. நேத்து அடுப்பைப் பத்த வெச்சதும் பைப்பு வளையற இடத்துல இருந்த பிளாஸ்டிக் எல்போ இளகி, தண்ணி பூரா பேஸ்மென்ட்ல ஊத்திருச்சு. பழைய பாய்லரையும் கழட்டிப் போட்டாச்சு. வீடு ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு.

அந்த ஏழு பேரையும் குடும்பத்தோட இன்னிக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். பிரியாணி கிச்சன்ல இருக்கு. யாரும் ஜாக்கெட்டைக் கழட்ட வேணாம்னு சொல்லிடுங்க.

சரியான ஃபிட்டிங்ஸ் போன வாரமே வாங்கிட்டேன். என் கார் டிரங்க்ல இருக்கு. காரை எடுத்துக்கிட்டு எடிசன் ஊர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.

மெஹர்

அடுப்பை மறுபடி பத்த வெச்சுடாதீங்க, ஆபத்து.

இன்னொண்ணு: நான் எப்ப திரும்பி வரணும்னு எங்க ஆபீஸ் குரூப்ல ஓட்டுக்கு விட்டிருக்கேன். இப்போதைக்கு "வராதே"தான் லீடிங்.