தேய்மானத்தையும் சேர்த்துச் செய்த ரிவால்வர்கள்

கார்தோனே,
6 மார்ச் 1960, ஞாயிறு மாலை

பிரியமுள்ள சில்வானோ அண்ணனுக்கு,

உன் தங்கை எர்சீலியா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். "எல்லாரும் சுகம்னு மட்டும் எழுதுடி. வெளியூர்ல இருக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு இறங்க வேணாமா?" என்று அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை.

முதலில் நல்ல செய்திகள். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. மெல்லா ஆற்றில் வெள்ளம் வந்து கீழ்ப்பாதை மூழ்கியதால் இரண்டு நாள் மேட்டுப்பாதை வழியாகப் பள்ளிக்குப் போனோம். என் கட்டுரையை ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அங்கே சுவிஸ்காரர்கள் நம்மைப் போலப் பொலெந்தாக் களி கிண்டுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இனி ரிவால்வர்களைப் பற்றி. அறுபதும் முடிந்து, செவ்வாய்க்கிழமை அப்பா அவற்றைக் கைவண்டியில் ஏற்றி, முத்திரை வாங்கத் துப்பாக்கிச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் வண்டியைத் தள்ளினேன். பித்தளைப் பகுதிகளை அம்மா தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம். வழியில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "என்ன பொர்த்தோலோ, அமெரிக்காக்காரங்க நூறு வருஷம் கழிச்சு மறுபடியும் உள்நாட்டுச் சண்டை போடப்போறாங்களாமே? துப்பாக்கி உன்னுதா?" என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். "வேஷம் போட்டு விளையாடப்போறாங்க. ஆனா துப்பாக்கி நிசமா வெடிக்கணும்" என்றார் அப்பா. அன்று காலை அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

உள்ளே வழக்கமானதைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட வெடித்துச் சிதறவில்லை. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு பரிசோதகர் கோமினி ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். குண்டு அடைக்கும் உருளை லொடலொடவென்றது. இன்னொன்று. அதுவும் அப்படியே. உருளைக்கும் குழலுக்கும் நடுவே விளக்கைக் காட்டினார். இடைவெளி வழியாக வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. உருளையை நிறுத்திப் பிடிக்க வேண்டிய இரும்பு நாக்கு, அதில் வெட்டிய காடிக்குள் தளர்வாக ஆடியது.

"பொர்த்தோலோ, இதெல்லாம் நீ செஞ்சதா, இல்ல எந்தச் சிப்பாயோட குழியிலயாவது தோண்டி எடுத்தியா? பிறக்கும்போதே கிழவனா பிறந்திருக்கு!" என்றார் கோமினி. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகுதான் முத்திரை குத்த மறுத்துவிட்டதை அவர் புரிந்துகொண்டார். முத்திரை இல்லாத துப்பாக்கியை இந்தப் பள்ளத்தாக்கில் எவனும் விற்க முடியாதென்று உனக்குத் தெரியும்.

அண்ணா, நவம்பரில் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மாதிரிக்கென்று அமெரிக்காவிலிருந்து காலுறையில் சுற்றி வந்த அந்தப் பழைய ரிவால்வரை நீ கையில் வைத்துக்கொண்டு, "இது நூறு வருஷம் தேஞ்சது அப்பா. இப்ப இருக்கிற அளவை எடுத்தா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் செய்வோம். புதுசா இருந்தப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு அளவு வைக்கணும்" என்றாய். "அவங்க செஞ்சதை நீ திருத்தப் போறியா? அச்சு அசலா வேணும்னு கேட்டிருக்காங்க, அச்சு அசலாத்தான் போகும்" என்று அப்பா மேசையைத் தட்டினார். அதன் பிறகு இருவரும் பேசிய மற்றதை நான் எழுதவில்லை. அது உங்கள் இருவருக்கும் தெரியும். மறுவாரம் நீ சுவிஸுக்கு, விண்டர்தூர் தொழிற்சாலைக்கு ரயில் ஏறினாய்.

அறுபதையும் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்ற அம்மா வண்டியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "முழங்கை தொங்கிப்போன கோட்டை அளவு வச்சுப் புதுக் கோட்டு தைச்சா, புதுசும் தொங்கத்தானே செய்யும்? பையன் சொன்னானா இல்லையா?" என்றாள். அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சொன்னான்" என்றார்.

இந்த வேலையைக் கொடுத்த தரகர் ரவாசி மிலானிலிருந்து வந்துபோனார். ஈஸ்டருக்குள் அறுபதும் முத்திரையோடு கைக்கு வராவிட்டால், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பட்டறைக்கு வேலை போய்விடும். மாதிரியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். "வரும்" என்று அப்பா சொன்னார். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீடு முழுவதும் இதே வேலைதான். குழலின் அடிப்பகுதியை மயிரிழை மயிரிழையாக அராவி உருளையோடு நெருக்க வேண்டும். நாக்கைக் கொஞ்சம் அகலமாகப் புதிதாகச் செய்து, ஒவ்வொரு காடிக்கும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். அப்பா ஒன்றை முடித்துக் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை! நானும் அம்மாவும் கைதட்டினோம். ஆனால் அந்த ஒன்றுக்கே ஒரு பகல் முழுக்கப் போயிற்று, ஈஸ்டருக்கோ ஆறே வாரம்தான் இருக்கிறது. பள்ளி விட்டதும் பித்தளை தேய்க்கிறேன், அம்மா திருகாணிகளை மெருகேற்றுகிறாள். அராவுவதற்கு மட்டும் எங்கள் கை உதவாது.

நேற்று ஒன்றைக் கவனித்தேன். அப்பா ரிவால்வர்களை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தன் வேலை மேடையிலும் பாதியை உன் மேடையிலும் அடுக்கினார். "அந்தப் பாதி யாருக்கு?" என்று அம்மா கேட்டாள். "இடம் சும்மா கிடக்கு, வச்சேன்" என்றார். இடம் சும்மா கிடக்கவில்லை அண்ணா. உன் மேடையில் இருந்த என் புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத்தான் அடுக்கினார்.

உன் தொழிற்சாலையில் விடுப்புக் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அப்பா உன்னை வரச் சொல்லவில்லை. அதையும் உண்மையாகவே எழுதிவிடுகிறேன். நான் சொல்கிறேன், வா. நீ வராவிட்டாலும் நாங்கள் நிறுத்தப் போவதில்லை. உன் உடம்புக்கும் கைகளுக்கும் ஒன்றும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும்.

உன் அன்புத் தங்கை,
எர்சீலியா

இன்னும் உறையை ஒட்டவில்லை. கையெழுத்துப் போட்டபோது அப்பா பின்னால் வந்து நின்றார். "அவனுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "கோமினி சிரிச்சதை எழுதினியா?" எழுதினேன் என்றேன். "அவன் சொன்னதுதான் சரின்னு எழுதினியா?" அதை எழுதவில்லை, நடந்ததை மட்டும்தான் எழுதினேன் என்றேன். "அப்ப அதையும் எழுது" என்றார். இதோ எழுதிவிட்டேன். மீதியைச் சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன்: நான் அதை எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார், வாங்கிப் படிக்கவில்லை. பிறகு சாப்பிட வரச் சொல்லி, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டார்.