உன் நிரலை அழிக்கச் சொன்னார்கள்

என் பொல்லாத அக்காவுக்கு,

நம் நல்லேப்பிள்ளி வயலில் இரண்டாம் போகமும் அறுத்தாகிவிட்டது. நீ வேலை பார்த்த மாடி அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். உன் நாற்காலி, உன் மேசை, உன் வேலை. ஆனாலும் கம்பெனியில் என்னை இன்னும் உன் தங்கை என்றுதான் சொல்கிறார்கள். செத்தும் என்னை முந்திக்கொண்டு நிற்கிறாயே, எரிச்சல் வராதா?

அம்மாவாவது சும்மா இருக்கிறாளா? காபியைக் கொண்டுவந்து வைக்கும்போதே, "உங்கக்கா இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா அம்மிணி" என்கிறாள். கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்துகிற கெர்னல் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. உன் பெருமை மட்டும் எல்லாம் தெரியும்.

போன வாரம் ஒரு மருத்துவமனையின் சர்வர் அடிக்கடி கிராஷ் ஆகிக்கொண்டிருந்தது. விழும் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை அப்படியே அள்ளிவைத்த டம்ப் கோப்பு என்னிடம் வந்தது. திறந்து பார்த்தேன். கெர்னலை நிறுத்தியது நீ எழுதிய ஒரு நிரல் துண்டு, உன் ஃபங்ஷன். உண்மையைச் சொல்லவா? சந்தோஷமாக இருந்தது. நீயும் தப்புப் பண்ணுவாய் என்று ஊருக்கே தமுக்கடிக்கலாம் போல இருந்தது.

டீம் லீடர் கோயமுத்தூர்க்காரர். "அந்த ஃபங்ஷனத் தூக்கிருங்க. உங்க பேர்ல புதுசா எழுதிப் போட்டுறலாமுங்க" என்றார். என் பேரில்! அதற்கு எத்தனை காலம் காத்திருந்தேன் தெரியுமா?

மருத்துவமனை சர்வரில் கை வைத்துச் சோதிக்க முடியாது. நெட் தொடர்பில்லாத கம்ப்யூட்டரில் ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கி, அதே கெர்னல், டிஸ்க்கில் எழுதுகிற அதே டிரைவர் நிரல், வெறும் போலிக் கோப்புகள் வைத்தேன். முதலில் வேண்டுமென்றே கிராஷ் பண்ணி, டம்ப் தனி டிஸ்க்கில் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு உன் ஃபங்ஷனை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஓடியது, அக்கா. மத்தியானம் முழுக்க விழாமல் ஓடியது. கீழே போய் அம்மாவிடம் இன்னொரு தட்டுச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மேலே வந்து கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பாதி கெட்டுக் கிடந்தன. வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுத்து, வேறு கோப்புகளுக்குப் போய்விட்ட நினைவக இடத்திலேயே டிஸ்க் டிரைவர் மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் கத்தி, எல்லாவற்றையும் நிறுத்தத்தான் நீ அந்த ஃபங்ஷனை வைத்திருந்தாய். கத்தியதால் பழி அதன் மேல். வீட்டிலும் உனக்கு இதுதானே நடந்தது? வாய்க்கால் மடை உடைந்ததை முதலில் பார்த்துக் கத்தியவள் நீ, அப்பாவிடம் திட்டு வாங்கியதும் நீ.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த சர்வரில் இருப்பது ரத்தப் பரிசோதனை முடிவுகள். அப்படி ஒரு முடிவுக்காக நீயும் நானும் எத்தனை முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம்?

டீம் லீடருக்குப் போன் பண்ணினேன். "அக்கா எழுதுனதுல தப்பில்லைங்க. கோளாறு டிரைவர்லதானுங்க. அக்காவோடத எடுத்தா கோப்பெல்லாம் சத்தமில்லாமக் கெட்டுப்போகுமுங்க."

"அப்படியே உங்கக்கா மாதிரிங்க நீங்க" என்றார்.

பார்த்தாயா? இதிலும் பேர் உனக்கு.

டிரைவரைத் திருத்தியாகிவிட்டது. உன் ஃபங்ஷன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் இருக்கிறவரை அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். உன்னை நினைத்து வயிறெரிவதையும் விடமாட்டேன். ரெண்டும் சத்தியம்.

வயிற்றெரிச்சல் குறையாத
உன் தங்கை