காரணம் எழுதும் கட்டம்

மார்ச் 3

நான் வேலை பார்க்கும் டிவி சேனலை வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள். இனி படத்தில் எந்தக் காட்சியை வெட்டினாலும், எந்த வசனத்தின் மேல் ‘பீப்’ போட்டாலும், படிவத்தில் காரணம் எழுத வேண்டுமாம். அதுவும் இங்கிலீஷில். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதி வந்தது ஒரே சொல்: தப்பு. “அதெல்லாம் இனிமே செல்லாதுண்ணே” என்றார் புது மேனேஜர். என் வயதில் பாதிதான் இருப்பார்.

மார்ச் 4

மகளிடம்தான் கேட்க வேண்டும். அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகிறது. கல்லூரி நாடகத்தில் ஒருத்தன் தோளில் சாய்ந்து அழுகிற வேஷம் அவளுக்கு. ஒத்திகையைப் போனில் காட்டினாள். வேண்டாம் என்றேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், “சரிப்பா” என்றாள். அதற்குப் பிறகு எது கேட்டாலும் ‘ம்’தான்.

மார்ச் 6

கேட்டுவிட்டேன். தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். ஆப்சீன் – ஆபாசம். வல்கர் – கொச்சை. அஃபென்சிவ் – அடுத்தவர் மனதைப் புண்படுத்துவது. சஜஸ்டிவ் – காட்டாமலே நினைக்க வைப்பது. இப்படி எட்டு.

“எல்லாம் தப்புங்கறதுதானேம்மா?”

“இல்லப்பா. தப்புன்னா யாருக்கு, ஏன்னு சொல்லணும்.”

அடுப்படியிலிருந்து மனைவி: “அப்பாவும் பொண்ணும் இங்கிலீஷ்லயாவது பேசிக்கிறீங்களே, புண்ணியமா போகும்!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கும்.

மார்ச் 7

மூன்று படம். ஒன்பது வல்கர், நான்கு ஆப்சீன். முதுகு வலி.

மார்ச் 9

காலையில் கிளம்பும்போது தாளை மடித்துக் கொடுத்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்: “என் நாடகத்துக்கு இதுல எந்த வார்த்தைப்பா?”

எட்டு வார்த்தையையும் மனதுக்குள் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். கீழிருந்து மேலே ஓட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன் – என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 10

மேசையில் தாளைப் பிரித்தபோதுதான் கவனித்தேன். அடியில் ஒன்பதாவதாக ஒன்றைப் புதிதாக எழுதியிருக்கிறாள். எம்பேரஸ்டு – ‘காட்சியில தப்பு இல்ல. பாக்கறவருக்குத்தான் கூச்சம்.’

கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

மார்ச் 13

பழைய படம். ஒரு பெண் ஒருத்தன் தோளில் சாய்ந்து அழுகிறாள். இதுபோல எத்தனை வெட்டியிருப்பேன்! பழக்க தோஷம், கை தானாகப் போய்விட்டது. காரணம்? எட்டும் பொருந்தவில்லை. ஒன்பதாவது பொருந்துகிறது. ஆனால் அதைப் படிவத்தில் எழுதினால் அது படத்தைப் பற்றியதாக இருக்காது, என்னைப் பற்றியதாகிவிடும்.

வெட்டவில்லை. ஒன்றரை நிமிடம். அந்தப் பெண் அழுகிறாள், அவ்வளவுதான்.

மார்ச் 14

இன்று நானே போய்க் கேட்டேன்.

“நாடகம் என்னிக்கும்மா?”

“முடிஞ்சிடுச்சுப்பா. நேத்து.”

“உன் வேஷம்?”

“வேற பொண்ணு பண்ணினா.”

“எப்படிப் பண்ணினா?”

“நல்லாத்தான் பண்ணினா.”

நேற்று என்று கேட்டதும் அந்த ஒன்றரை நிமிடத்தைச் சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

“சாப்பாடு போடட்டுமாப்பா?” என்றாள்.

போடும்மா என்றேன். பசியே இல்லை.