மூக்கிரட்டை என்று எழுதி ஒட்டியது

அக்டோபர் 7, செவ்வாய்

இரவு தூறல். காலையில் மேகம், காற்று இல்லை. 5.50க்குப் பூங்கா. கேட் பூட்டு நனைந்து திறக்க மறுத்தது. வாட்ச்மேன் வேலு இன்னும் லுங்கியில்.

“இன்னாம்மா, ஆட்டுக்குத் தழையா?”

“ஆடு இல்லை. எனக்குத்தான்.”

“அய்ய, மார்க்கெட்ல கீர கிடைக்கலியா உனுக்கு?”

தினமும் இதே கேள்வி.

பூங்கா என்பது பெயருக்கு. ஒரு சறுக்கு, சங்கிலி அறுந்த ஊஞ்சல், கொம்யூன் பஞ்சாயத்து போட்ட இரண்டு சிமென்ட் பெஞ்சு. மற்றதெல்லாம் தானாக முளைத்தது. எனக்கு அதுதான் வேண்டும்.

இன்று:
- குப்பைமேனி. நடைபாதை ஓரம் எங்கும். நாய் வரும் இடம், தொடவில்லை.
- முடக்கத்தான், கம்பி வேலி மேல். கொழுந்து இரண்டு பிடி. நாளை தோசை மாவில்.
- மணத்தக்காளி மூன்று செடி. காய் பச்சை. ஒரு வாரம் ஆகும்.
- கீழாநெல்லி, பெஞ்சுக்குப் பின்னால். மிகச் சிறியது. விட்டுவிட்டேன்.
- மூக்கிரட்டை, தண்ணீர்க் குழாய் பக்கம். மழைக்குப் பிறகு பாய் விரித்த மாதிரி. ஒரு கட்டு.

வழக்கம்போல் அதில் ஒரு கிளை இந்தப் பக்கத்தில் ஒட்டி, கீழே பெயர். கான்வென்ட்டில் தாவரவியல் எடுத்த மதர் பிடிக்க வைத்த பழக்கம். பறித்தால் ஒரு கிளையை ஒட்டு, பெயரை எழுது, தேதி போடு. பெயர் சொல்ல முடியாவிட்டால் பறிக்காதே. அறுபது வருடமாக ஒரு பெயரும் அடித்து எழுதியதில்லை.

கட்டு பக்கத்து வீட்டுக் கனகத்துக்கு. கால் வீக்கம், நடக்க முடியவில்லை; மூக்கிரட்டை நீரை வடிக்கும். அவர்கள் கேட்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகள் சுமதி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“நல்லா பாத்துத்தான பறிச்சீங்கம்மா?”

“எனக்குத் தெரியாத இலையா?”

உடனே கட்டோடு உள்ளே போனாள். நல்ல பெண், ஆனால் எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்பாள்.

எரிவாயு பதிய வேண்டும். சாமான் அறை பல்பு போய்விட்டது.

8, புதன்

வெயில். துணி காய்ந்தது.

அஞ்சலை வந்தாள். கடற்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, எங்கள் தெருவில் முதல் கூடையை இறக்குவாள். இன்று கானாங்கெளுத்தி. நான் ஒவ்வொன்றாகச் செவுள் தூக்கிப் பார்த்தேன்.

“யம்மா, நீ மீன் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?”

“இரண்டுக்கும் கண் வேண்டும் அஞ்சலை.”

“அதாங் கேக்கறேன், உங்கண்ணு தெரியுதா? மூஞ்சியாண்ட வச்சிக்கினு பாக்கறியே!”

வெளிச்சம் பற்றவில்லை என்றேன். காலை ஒன்பது மணி. சிரித்தாள்.

நான் நான்கு, சுமதி எட்டு. குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நல்ல மீன். மறுபடி சொல்கிறேன், நல்ல மீன்.

சுமதி சுவர்மேல் எட்டிப் பார்த்து: “அத்தைக்கு உங்க கீரைய வதக்கிக் குடுத்தேம்மா. கசக்குதுன்னு மூஞ்ச சுளிச்சிக்கினே முழுசும் தின்னுட்டாங்க.”

கசப்பா? மூக்கிரட்டை அவ்வளவு கசக்காதே. கொஞ்சம் முற்றல் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

9, வியாழன்

விடியும்போது ஆட்டோ சத்தம். ஜன்னலில் பார்த்தேன். கனகத்தைச் சுமதியும் அவள் புருஷன் சேகரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு, வாந்தி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வயசாளி.

சேகருக்குத் திருபுவனைத் தொழிற்சாலையில் ஷிப்ட். லீவு போட்டுத் திரும்பி வந்தான். ஒன்பதே காலுக்கு அஞ்சலை தெருமுனையில் திரும்பும்போதே பிடித்துக்கொண்டான்.

“நாறுன மீன வித்துட்டு ஆள சாவடிக்கப் பாக்கறியா? எங்கம்மா ஆஸ்பத்திரில கீறாங்க!”

“இன்னா பேசற நீ? என் மீனா நாறுச்சி? நேத்து ஒம்பது வூட்டுல வாங்கனாங்க, போயி ஒவ்வொரு வூடா கேளு!”

“கேக்கச் சொல்றதுக்கு நீ யாரு? இனிமே இந்தத் தெருவுல கூடைய எறக்குன, நல்லா இருக்காது.”

கதவுகள் திறந்தன. ஒருவரும் அவள் பக்கம் பேசவில்லை. எதிர் வீட்டம்மா, “நேத்தே எனக்கு வாட வந்துது” என்றாள். பொய். அவள் நேற்று வாங்கவே இல்லை.

அஞ்சலை கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தூக்கிவிட ஒரு கை வரவில்லை. நான் கொசுவலை அடித்த ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தேன்.

அதே கூடை மீனை நானும் தின்றேன். ஒன்றும் இல்லை. சுமதி, சேகர், பிள்ளைகள் இருவர், யாருக்கும் ஒன்றும் இல்லை. கீரை தின்றது கனகம் மட்டும்.

மதியம் சாப்பிடவில்லை. மாலையில் நோட்டைத் திறந்தேன்.

செவ்வாய்க்கிழமைப் பக்கம் ஈரமாக இருந்தது. இலை கறுத்து, சாறு விட்டு, அடுத்த பக்கம் வரை கறை. மூக்கிரட்டை இப்படிச் செய்யாது. இரண்டு நாளில் காகிதம்போல் உலரும். இப்படிச் சாறு விடுவது சதைப்பற்றுள்ள இலை.

10, வெள்ளி

மப்பு. நண்பகலில் பூதக்கண்ணாடியுடன் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். என் கணவருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்தவர். அந்தப் பென்ஷன் காகிதங்களைப் படிக்க வைத்திருந்தார். இன்றும் தெருவில் எனக்குப் பெயர் சொல்தா வூட்டம்மாதான்.

மூக்கிரட்டைக்குப் பூ நீண்ட காம்பில் கொத்தாக எட்டி நிற்கும். இதில் காம்பே இல்லை. இலைக்கணுவில் சின்னப் பை, அதற்குள் ஒற்றைப் பூ ஒளிந்திருக்கிறது. விதை கறுப்பு.

சாரணை. ஐயமே இல்லை.

இரண்டும் தரையோடு படரும், இரண்டுக்கும் ஜோடி இலையில் ஒன்று பெரியது ஒன்று சிறியது. மேலிருந்து பார்த்தால் அக்காள் தங்கை. அதனால்தான் புரட்டிப் பார்த்துப் பறிக்க வேண்டும். சாரணையும் தின்னுகிற கீரைதான், இளங்கொழுந்தாக இருந்தால். முற்றியதைத் தின்றால் வயிற்றைக் கலக்கி எடுத்துவிடும். நான் முற்றியதைக் கொத்தாக அறுத்து வயசாளிக்குக் கொடுத்திருக்கிறேன். போன வருடம் அதே இடத்தில் மூக்கிரட்டை இருந்தது. இடத்தை நம்பிப் பறித்தேன், இலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. விடியற்காலை வெளிச்சத்தில் எனக்கு எல்லாப் பச்சையும் ஒரே பச்சை. இது எத்தனை மாதமாக என்று எழுதப் போவதில்லை.

எழுதுகிறேன். ஏழெட்டு மாதம். கண் டாக்டர் புரை என்று சொன்ன பிறகு.

மூன்று மணிக்குப் பூங்காவில் இயந்திரச் சத்தம். கொம்யூன் ஆட்கள் புல் வெட்டுகிறார்கள். போய்ப் பார்த்தேன். குழாய் பக்கம் மொட்டைத் தரை. முடக்கத்தானும் போயிற்று. வேலு, “க்ளீனாயிடுச்சி பாத்தியாம்மா!” என்றான், அவனே வெட்டியதுபோல்.

ஆகவே இனி அத்தாட்சி என்று இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான். இதைக் கிழித்து அடுப்பில் போட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. இதை நான் நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கனகம் மாலை வீடு திரும்பினாள். முகம் சுண்டிப் போயிருக்கிறது. கஞ்சி கொண்டுபோனேன். “அந்த மீன்காரி நாசமாப் போவ” என்றாள் படுத்தபடியே. தலையாட்டினேனா? ஆட்டவில்லை என்று நினைக்கிறேன். இல்லை என்றும் சொல்லவில்லை.

11, சனி

அஞ்சலை வரவில்லை. தெரு ஒன்பது மணிக்குச் சத்தமில்லாமல் இருந்தது. ரேஷன் கடைத் தெருவில் உட்காருகிறாளாம். அங்கே ஏற்கெனவே இருவர் விற்கிறார்கள்.

மாலை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம், பாவ அறிக்கை. சாமியார் இளைஞர், எனக்குப் பேரன் வயது. சொல்லி முடித்தேன். ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன்.

“மீன்காரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“கடவுளிடம் சொல்லியிருக்கிறேன், சுவாமி.”

“கடவுள் மீன் விக்கலையேம்மா.”

எனக்குக் கோபம் வந்தது. என் காலத்துச் சாமியார்கள் இப்படிப் பேசமாட்டார்கள். ஜெபமாலை எத்தனை என்று கேட்டேன். ஜெபமாலை வேண்டாம், போன பெயரைத் திருப்பிக் கொடுங்கள், அதுதான் பரிகாரம் என்றார். ஆறாம் வகுப்பு ஞான உபதேசத்தில் இதை நான் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். பரிசுகூட வாங்கினேன்.

பல்பு வாங்கினேன். தவறான அளவு.

12, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேரே பக்கத்து வீடு. நோட்டையும் எடுத்துப் போனேன். சேகர், சுமதி, கனகம் மூவரும் கூடத்தில். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

சொன்னேன். பக்கத்தைக் காட்டினேன்.

சேகருக்கு முதலில் புரியவில்லை. பிறகு: “அப்ப அன்னிக்கு நீங்க குடுத்ததாலதானா? நான் போயி அந்தம்மாவ...” நிறுத்தினான். பிறகு குரல் ஏறியது. “வயசுல பெரியவங்க, வேற இன்னா சொல்ல? இனிமே எங்க வூட்டுக்கு இலையும் தழையும் எடுத்துக்கினு வராதீங்க.”

“வரமாட்டேன்.”

கனகம் பாயிலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். இருமலும் சேர்ந்து வந்தது. “யக்கா, நீயா! நான் நாலு நாளா மீன திட்டிக்கினு கீறேன். பாவம் அது, வாய தொறந்து பேசுமா?” சுமதி வாசல் வரை வந்தாள். “அன்னிக்கு நான் கேட்டேனில்லம்மா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆமாம். கேட்டாள்.

வீட்டுக்கு வந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் பெயரை அடித்தேன். ஒரே கோடு, அளவுகோல் வைத்து. கீழே சரியான பெயர்.

கால் வலி. மதியம் தூக்கம்.

13, திங்கள்

வெயில், ஈரக் காற்று. 8.30க்கு ரேஷன் கடைத் தெரு. அஞ்சலை ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். கூடையில் முக்கால் மீன் அப்படியே. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குனிந்து காதருகே சொன்னேன். உன் மீனில் குற்றமில்லை, என் கீரை, சேகரிடம் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

ஈக்களை ஓட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

“சொல்தா வூட்டம்மா, அவன் என்னைத் திட்டும்போது காதுலயா சொன்னான்?”

“இல்லை.”

“தெருவே கேட்டுதில்ல?”

“கேட்டது.”

“நீயும் கேட்டியா?”

“ஜன்னலில் நின்றேன்.”

“நின்னியா!” என்றாள். “அப்போ நீ மட்டும் எனுக்குக் காதுல சொல்றியா? என் பேரு காதுலயா போச்சி?”

நான் தெருவில் குரல் உயர்த்தியதே இல்லை. காய்கறிக்காரனைக்கூடக் கைதட்டித்தான் கூப்பிடுவேன். கான்வென்ட்டில் படியில் உரக்கப் பேசினால் முட்டிபோட வேண்டும். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், அவள் மறுபக்கம். அவள் தலைக்கு ஏற்றினோம். மீன்தண்ணீர் என் முழங்கை வரை ஒழுகியது.

எங்கள் தெருமுனை. அஞ்சலை நின்றாள். “ம்” என்றாள்.

என்ன வாக்கியம் என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். “கனகத்துக்கு உடம்பு கெட்டது அஞ்சலை மீனால் இல்லை. நான் கொடுத்த கீரையால். தப்பு என்னுடையது.” மூன்று வாக்கியம். முதல் வீட்டில் பாதிதான் வெளியே வந்தது.

“ஒண்ணும் கேக்கல” என்றாள் அஞ்சலை. “நான் மீன் விக்கறாப்ல வுட்டுச் சொல்லும்மா. வயித்துலேர்ந்து வரணும்.”

இரண்டாவது வீடு. மூன்றாவது. எதிர் வீட்டம்மா மாடியிலிருந்து, “இன்னாம்மா சொல்றீங்க?” மறுபடி சொன்னேன், அவளுக்காக இன்னும் உரக்க. அவள் ஜன்னலைப் பாதி சாத்தினாள். சேகர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அஞ்சலையைப் பார்க்கவில்லை, தலையை மட்டும் தாழ்த்தினான். அவள் கண்டும் காணாததுபோல் நடந்தாள்.

ஆறாவது வீட்டில் என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது.

“போதும்மா, தொண்ட கட்டிக்கப் போவுது” என்றாள் அஞ்சலை. பிறகு அவளே தலையை நிமிர்த்தி, தெருவின் கடைசி வரை கேட்கும்படி, “மீனேய்...”

பதினோராம் எண் வீட்டில் கதவு திறந்தது. கையில் சட்டி.