பின் பிரேக்கில் கிறீஸ்

ஞாயிறு, இரவு.

இன்று மனைவியின் தம்பி ரவியின் முகத்துக்கு நேரே வாய்கூசாமல் பொய் சொன்னேன்.

குருக்கள்மடம் ஊருக்குள், நானே கட்டிய, பிரேக்கை மட்டும் ரவி பூட்டிய காரின் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வீதியோரம் காயப்போட்டுக் குவித்திருந்த நெல்தான் என்னை நிறுத்தியது. நெல்லுக்காரர் ஏச, "பிரேக் பூட்டினது என்ட மச்சான்தான்" என்று கூடிநின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். மெக்கானிக் ரவி வந்து சக்கரத்தைக் கழற்றினான்.

"அத்தான், பிரேக் லைனர்ல ஆரு கிறீஸ் பூசின?"

கீச்சென்ற சத்தத்தை நிறுத்த, மேதாவி நான்தான் பூசினேன். "எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

என்னையும் கூட்டத்தையும் பார்த்தான். "அப்ப நான்தான் மறதியில பூசியிருப்பன்" என்று சொல்லி, நெல்லுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டான்.

அவனுக்கு உண்மை தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

கிறீஸ் டின்னை நான் இரவல் வாங்கியதே அவனிடம்தான்.