ஸ்லோ ஸ்பீடு நிக்கல

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். வண்டி மறுபடி மானத்தை வாங்கியது. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றதும் ஒரு விக்கல், அவ்வளவுதான். உதைத்தேன், உதைத்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரன். ஷேர் ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, காயலாங்கடை அந்தாண்ட இருக்கிறது சார் என்றான். ஆட்டோவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் நல்ல பல்வரிசை.

உரக் கடைக்குப் போய்ச் சேரும்போது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அப்பாவின் வண்டி. அவர் ஆடியில் போனார், வண்டி எனக்கு வந்தது. அவர் படுத்த நாள் முதல் சும்மா நின்ற வண்டி. வேகமாகப் போனால் ஒரு குறையும் இல்லை. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை பறக்கிறது. மெதுவாகப் போனால்தான் வியாதி. ஸ்பீடு பிரேக்கர், சிக்னல், சந்து, வீட்டு கேட். இழுத்து இழுத்து விட்டு, திணறி, செத்துப்போகிறது.

சாயங்காலம் கேட்டிலும் செத்தது. நானே இறங்கி, நானே திறந்து, நானே தள்ளிக்கொண்டு உள்ளே. டிவி அலறல். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றபடி சீரியல். ஒருத்தரும் திரும்பவில்லை. ரொம்ப நேரம் கழித்து சுமதி, "எப்ப வந்தீங்க?" நல்ல பெண்டாட்டி.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. லீவு போட்டு வண்டி வேலை.
பிளக்: கரி. புதுசு போட்டாச்சு.
ஏர் ஃபில்டர்: புழுதி, ஒரு செத்த கரப்பான். தட்டியாச்சு.
சோக்: பாதியில் மாட்டியிருக்குமோ? இல்லை.
பலன்: பூஜ்யம்.

மகள் நிலா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். படிப்பு வரவில்லை, நடிப்பு வருகிறது. வண்டி மாதிரி நடித்துக் காட்டினாள். டுப் டுப் டு ப்ஸ்ஸ் என்று நாக்கைத் தொங்கப் போட்டு விழுந்தாள். சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உங்கப்பா மாரியே வண்டியும் இழுத்துக்கினு கெடக்குதுடா" என்றாள்.

அவர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது முகத்தில் ஈயாடாமல் இருந்தவள். நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததை இப்போது மொத்தமாகச் சிரிக்கிறாள். உடம்பும் கொஞ்சம் பூசியிருக்கிறது. துக்கம் சிலருக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மெக்கானிக் ரஹீம் பாய் கடை. பேச்சு முழம், வேலை சாண். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிட்டார். வண்டி சாகவில்லை, ஆனால் ஊளையிடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் தானாக ஓடப் பார்க்கிறது. மேம்பாலம் தாண்டுவதற்குள் மறுபடி செத்தது. திரும்பிப் போய்க் கத்தினேன். பேஜார் பண்ணாத தம்பி, சனிக்கெழம கார்புரேட்டரக் கழட்டிப் பாத்துருவோம் என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் மனசில் நின்றது. "உங்கப்பா கையில இந்த வண்டி இன்னா மாரி நின்னுக்கினு ஓடும் தெரியுமா? ஹாரனே அடிக்க மாட்டாரு மன்ஷன்."

எனக்கா தெரியாது? ஹாரன் அடிக்க மாட்டார், இறங்கவும் மாட்டார். மில்லிலிருந்து வந்து கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஓடவிடுவார். டுக் டுக் டுக் என்று ஒரே சீராக ஓடும். உள்ளேயிருந்து யாராவது ஓடிப்போய்த் திறக்க வேண்டும். பையனாக இருந்தபோது அது என் வேலை. நான் தாமதித்தால் அம்மாவுக்கு அடி விழும், எனக்கு அல்ல. அதனால் கக்கூஸிலிருந்துகூட ஓடியிருக்கிறேன். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே டிவி நிற்கும், பேச்சு நிற்கும், தட்டு வைக்கப்படும்.

செத்தார். யாரும் பெரிதாக அழவில்லை. கருமாதிச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள்.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். கார்புரேட்டர் பிரித்தாச்சு. அடியில் பழைய பெட்ரோல் பச்சைப் பிசினாக உறைந்திருந்தது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்டில் ஓட்டையே தெரியவில்லை. பாய் மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி முனையளவு வானம் தெரிந்தது.

பாதி குணம். ஸ்டாண்டில் போட்டால் அணையாமல் ஓடுகிறது, ஆனால் சூடானதும் தடுமாற்றம். எங்கேயோ காற்று இழுக்கிறது என்கிறார் பாய். அவர் பேச்சிலும் பாதி காற்றுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். நானே.

வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் மேல் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அடிப்பக்கம் பட்டதும் சத்தம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. அது வழியாகத்தான் காற்று. அப்பா கையில் ஓடிய மாதிரியே இந்த வண்டியை நான் ஓட வைக்கப் போகிறேன் என்று சந்தோஷமாக இருந்தது. எதற்கு அவரை இழுக்கிறேனோ.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளவனூர் மாமா கரும்புக் கொல்லைக்குப் போய்வர இந்த வண்டியைக் கேட்டாராம், கொடுத்துவிடலாமே என்றாள். நான் ஓட்ட வேண்டாமா என்றேன்.

"வேற வாங்கிக்கடா. எனக்கு அந்தச் சத்தம் வாணாம்."

எந்தச் சத்தம் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். உள்ளே போய்விட்டாள். கிழவிக்கு என் வண்டி செத்தால் சிரிப்பு, பிழைத்தால் வியாதி.

நவம்பர் 10, திங்கள்

வி.புரத்தில் ரப்பர் வாங்கினேன். மதியம் நல்ல மழை. வேறொன்றுமில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ரப்பர் மாட்டியாச்சு. இன்ஜின் நன்றாகச் சூடானபின் பாய் ஏர் ஸ்க்ரூவைத் திருகினார். உள்ளே திருகினால் திணறல், வெளியே விட்டால் திணறல், நடுவில் ஒரு இடம். அந்த இடத்தில் வண்டி மூச்சைப் பிடித்து நின்றது. டுக் டுக் டுக். பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "இப்பதான் இது உங்கப்பா வண்டி" என்றார்.

கேட்டுக்கு வந்து, அணைக்காமல் நிறுத்தினேன். சத்தியமாகச் சத்தத்தைக் கேட்கத்தான் நிறுத்தினேன். உள்ளே டிவி நின்றது. அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கேட்டைத் திறந்து, தலையைக் குனிந்து, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மல்லாட்டைத் தோலை அவசரமாக முந்தானையில் அள்ளி முடிந்திருந்தாள். தின்றது தெரியக்கூடாதாம்.

அப்புறம்தான் நிமிர்ந்தாள். "நீயா" என்றாள்.

வெட்கமாக இருந்தது. உள்ளே போனால் தட்டு, தண்ணீர், எல்லாம் தயார். தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. எவ்வளவு நாளாயிற்று சூடாகத் தின்று.

நவம்பர் 12, புதன்

இன்றும் இறங்கவில்லை. பார்ப்போம் என்று காத்திருந்தேன். நேற்றைவிடச் சீக்கிரம் வந்தாள் அம்மா.

பிடித்திருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதலாம். பிடித்திருந்தது. சிக்னலில் சிரிப்பு, கடையில் கடிகாரம், வீட்டில் நாக்கைத் தொங்கப்போடும் பெண். எனக்கும் ஒரு கேட் திறக்கட்டுமே. நான் கை ஓங்கினேனா? குரல் உயர்த்தினேனா? வண்டி அணையாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். சுமதி காபி கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"அத்தை நாலு நாளா சரியா சாப்புடலைங்க. சாயங்காலமானா கதவாண்டயே உக்காந்துக்கினு இருக்காங்க. அந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் திருப்பி வுட்டுடுங்களேன்."

பழைய மாதிரி நடுரோட்டில் சாகட்டுமா என்றேன். வண்டிதானங்க சாவும் என்றாள். வாய் நீளம்.

ஸ்க்ரூவுக்குக் கால் சுற்றுதான். ஸ்க்ரூ டிரைவர் வண்டி சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. திருப்பினால் அம்மா மறுபடி காலை நீட்டி உட்காருவாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். பார்க்க மாட்டேன்.

நவம்பர் 15, சனி

கேட்டில் நின்றேன். அம்மாவுக்கு முன்னால் நிலா ஓடி டிவியை அணைத்தது ஜன்னலில் தெரிந்தது. நான் இதுவரை அவளை அதட்டியதுகூட இல்லை. ஏன்டி அணைத்தாய் என்று கேட்டேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வண்டி சத்தம் கேட்டா சிரிக்கக் கூடாதுன்னு ஆயா சொல்லுச்சு."

கொஞ்சம் வலித்தது. பொய் சொல்வானேன், வலித்தது. நாளை காலை முதல் வேலையாக ஸ்க்ரூவைத் திருப்பிவிடுவது. மாமாவுக்கே கொடுத்தாலும் சரி.

நவம்பர் 16, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளினேன், கேட் தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று தெரியவில்லை. நான் வெளியே வந்தபின் தொடங்கிய சிரிப்பு.

உதைத்தேன். ஓடவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் திருப்ப முடியும். முதல் உதையில் பிடித்துக்கொண்டது. டுக் டுக் டுக்.

சிரிப்பு நின்றது. அம்மா வந்து கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று மெதுவாகக் கேட்டாள். எங்கேயும் இல்லை என்றேன். பிறகும் உள்ளே போகவில்லை, வெயிலில் அப்படியே நின்றாள். நான் சொன்னால்தான் போவாள் போலிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்ரோல் போனால் போகட்டும், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.