தாடிக்குள் இருந்த கட்டி

சார்,

இன்று காலை அரிமளம் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரர் வெயிலுக்குப் பூசும் கிரீம் ஒன்றை எடுத்து வைத்தார். நான் வழக்கமாக வாங்குவது தீர்ந்துவிட்டதாம். "இது வேற கம்பெனி அக்கா, வாசனை பிடிக்குதா பாருங்க" என்று மூடியைத் திறந்து நீட்டினார். அது நீங்கள் பூசிக்கொண்டிருந்த கிரீம். வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். காலை நேரம்தான் என்றாலும் வெயில் ஏறிவிட்டது. சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

நீங்கள் அந்தக் கிரீமைச் சரியாகத் தேய்க்க மாட்டீர்கள். நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளையாக அப்பியிருக்கும். பிள்ளைகள் உங்களைக் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்: "சார், ஒங்களுக்கு மட்டும் சாம்பல் புதன் தினமும் வருதா?" மைதானத்தில் நிற்கும் பி.டி. வாத்தியாரை வெயிலில் நிற்காதே என்று டாக்டர் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? ஆறு மாதம் பூசினீர்கள். பிறகு விட்டுவிட்டீர்கள்.

நாம் பழகியது டயாலிசிஸில். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீங்கள் ஆவூர்க்காரர், வேலைக்காகப் புதுக்கோட்டையில் தனியாக அறை எடுத்திருந்தீர்கள். நான் அரிமளத்தில் சத்துணவு அமைப்பாளர். முதலில் உங்களுக்கு உங்கள் அக்கா சிறுநீரகம் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து எனக்கு என் அம்மா கொடுத்தார். உங்கள் அக்கா கொடுத்தது லேசான காரியமில்லை. அவர் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் பல மாதம் அக்காவோடு பேசவில்லை. தையல் வேலை பார்க்கும் அக்கா, மெஷினில் உட்கார்ந்தபடியே அத்தனையையும் தாங்கினார். இதை எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

என்னை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நீங்களும் செக்கப்புக்கு வந்திருந்தீர்கள். டாக்டர் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தாக்கிவிடாமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைக்கிறோம். ஆயுள் முழுக்க அந்த மாத்திரை. ஆனால் கேன்சரை முளையிலேயே கண்டு அழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான். அதனால் மற்றவர்களைவிட உங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தோலிலும் வரும்; வெயிலில் நிற்காதீர்கள், கிரீம் பூசுங்கள். ஆறாத புண், புதுக் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, எதுவானாலும் உடனே சொல்லுங்கள்.

"காவல்காரனுக்கே தூக்க மாத்திரை குடுக்குறீங்க. திருடன் வந்தா என்ன சார் பண்றது?" என்றீர்கள் நீங்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதான் நீங்க முழிச்சிருக்கணும்."

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மாதம் ஒருமுறை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து திருச்சி பஸ் ஏறுவோம். காலை மாத்திரையைப் போடாமல் போய் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும்; அப்போதுதான் மருந்தின் அளவு சரியாகத் தெரியும். மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஹோட்டலில் பொங்கல் நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டே போவோம்.

நாலாவது வருடம், மாசி மாதத்தில் ஒரு நாள், நீங்கள் பேசவே இல்லை. நார்த்தாமலைக் குன்றுகள் தெரிய ஆரம்பித்தபோது சட்டைக் காலரைத் தளர்த்தினீர்கள்.

"இங்கிட்டு கொஞ்சம் தொட்டுப் பாரும்மா."

தாடைக்குக் கீழே, காதுப் பக்கமாக. நெல்லிக்காய் அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை என்றீர்கள். வலிக்காத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

"இன்னிக்கே காட்டிருங்க சார்."

"காட்டுனா என்ன சொல்வாரு? மாத்திரையைக் குறைக்கணும்பாரு. குறைச்சா கிட்னி போயிரும். அது என் கிட்னியாம்மா? எங்க அக்காவோடது. குடும்பத்தையே பகைச்சுக்கிட்டுக் குடுத்தது. போயிருச்சுக்கான்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்லுவேன்?"

"சார், இது விளையாட்டில்ல."

"சளிக்கட்டியாக்கூட இருக்கும். பள்ளிக்கூட லீவு விடட்டும், நானே காட்டுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

இடது கையை நீட்டினீர்கள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. என் கையும் அப்படித்தான். அந்தக் கையில்தான் அடித்துக் கொடுத்தேன்.

அன்று உங்களுக்கு அடுத்த டோக்கன் எனக்கு. கதவு பாதி திறந்திருந்தது. "வேற ஏதாவது தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டது என் காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல சார், ஜம்முன்னு இருக்கேன்" என்றீர்கள். பிறகு நான் உள்ளே போனேன். அதே கேள்வி என்னிடமும் வந்தது. நாக்கு நுனிவரை வந்தது சார். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதைப் போலப் பெரிய பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை.

அடுத்த மாதம் நீங்கள் தாடியோடு வந்தீர்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். கோயிலுக்கே போகாத தம்பி திருந்திவிட்டான் என்று அக்கா சந்தோஷப்பட்டாராம். தாடிக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சட்டை தோளில் தொளதொளவென்று ஆனது. எடை மெஷினில் ஏறும்போது பாக்கெட்டில் செல்போனும் சாவிக்கொத்தும் இருக்கும்படி பார்த்துக்கொண்டீர்கள். தலையணை வியர்வையில் நனைகிறது என்று ஒருமுறை சொன்னீர்கள். வெயில் காலம் என்று நீங்களே பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். பள்ளிக்கூட லீவு விட்டார்கள். லீவு முடிந்து மறுபடி திறந்தும்விட்டார்கள். நான் கேட்டால் பேச்சை மாற்றினீர்கள். பிறகு நான் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

ஆடியில் காய்ச்சல் வந்து உங்களைச் சேர்த்தார்கள். கழுத்தில் ஊசிக் குழாய் போடுவதற்காக நர்ஸ் தாடியை மழித்தபோது அக்கா பக்கத்தில் நின்றிருக்கிறார். எலுமிச்சை அளவுக்கு ஒன்று, அதற்குக் கீழே இன்னும் இரண்டு. நிணநீர்ப் புற்றுநோய். வயிற்றிலும் பரவியிருந்தது. நீங்கள் பயந்தபடியே மாத்திரையைக் குறைத்தார்கள், கீமோவும் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் பயந்தது நடக்கவில்லை. அக்காவின் சிறுநீரகம் கடைசி நாள்வரை வேலை செய்தது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் அது மட்டும்தான் நன்றாயிருந்தது.

"இது ஆரம்பத்துல மாத்திரையைக் குறைச்சாலே சில பேருக்கு அடங்கிரும்" என்றார் டாக்டர் வராந்தாவில் அக்காவிடம். நான் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உங்களைப் பார்த்த அன்று வாய் முழுக்கப் புண். வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினீர்கள். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார்.

"நான் சத்தியம் கேட்டேன், சரி" என்றீர்கள். "நீ ஏம்மா குடுத்தே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

ஆவூரில் முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். அக்கா என்னைத் தனியே அழைத்தார். "அவனுக்கு முன்னாடியே தெரியுமா தங்கச்சி? ஒங்கிட்டதான் எல்லாம் பேசுவான்." தெரியாதுக்கா என்றேன். அவர் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் போ என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் குளிக்கும்போது என் அக்குளில் ஒன்று தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட். அது தெரிவதற்கு முன்பே இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்குப் போனேன்.

பூசை முடிந்து அக்கா அப்போதுதான் வந்திருந்தார். பஸ்ஸில் நீங்கள் காலரைத் தளர்த்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தையல் மெஷின்மேல் கையை ஊன்றி நின்றபடியே கேட்டார். நான் முடித்ததும் என்னிடம் இல்லாமல், சுவரிலிருந்த உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கிட்னிய காப்பாத்தச் சொல்லியாடா ஒனக்குக் குடுத்தேன்? போனாப் போகுதுன்னு மறுபடி டயாலிசிஸ் கூட்டிட்டுப் போயிருப்பேனே. வாரம் மூணு நாளும் நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

என் அக்குள் விஷயத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்ப எழுந்தேன். அவர் என் முன்னால் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் என் தாடையை நிமிர்த்தி, காதிலிருந்து கழுத்துவரை விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள். இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"இங்க ஒண்ணுமில்ல. வேற எங்கயாச்சும் இருக்கா? சொல்லு."

"இல்லக்கா."

"வெள்ளிக்கிழமை நானும் வாரேன். ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அதுக்கு நாளாகும். ஆனா தனியா போகாத."

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, சார். பயமாகத்தான் இருக்கிறது. அக்காவின் விரல் இன்னும் கழுத்தில் அழுத்துவது போலிருக்கிறது. காகிதத்தில் என்ன வந்தாலும், அதை வாங்கும்போது என் பக்கத்தில் அவர் இருப்பார்.